அம்மா அளந்த விரிசல்

என் வேலை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. சுரங்கப் பொறியியலாளர் என்றவுடன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குகைக்குள் இறங்குகிறவள் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் வேலை செய்யும் தங்கச் சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவில், மழை என்றால் என்னவென்று மறந்துபோன ஒரு செம்மண் காட்டில் இருக்கிறது. அதற்குக் கூரை கிடையாது. இலங்கையில் எங்கள் ஊரான லுணுகலை டவுனை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சுகிற அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். படிப்படியாக வெட்டி இறக்கிய அதன் சுவர்கள் சரியுமா, எப்போது சரியும், உள்ளே இருப்பவர்களை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று சொல்வது என் பிழைப்பு. சுவருக்கு எதிரே ஒரு ராடார் நிற்கும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் என் திரையில் நிறம் மாறிவிடும். காலைக் கூட்டத்தில் நான் "இறங்கலாம்" என்றால் நாற்பது பேர் இறங்குவார்கள். "வேண்டாம்" என்றால் வீடு மாதிரி உயர்ந்த லொறிகள் அன்று முழுக்க மேலே சும்மா நிற்கும்.

அம்மாவுக்கு இதை ஒருமுறை போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீ பெரட்டுல நிக்கிற கங்காணி மாதிரி" என்றாள். பெரட்டு என்றால் காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது.

"கங்காணி போன்னு மட்டுந்தாம்மா சொல்லுவாரு. நான் போகாதன்னும் சொல்லுவேன்."

"அப்ப கங்காணிக்கும் மேல" என்றாள் அம்மா. அன்று மாலைக்குள் அந்தச் செய்தி எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கப் போய்விட்டது. தொங்கல் காம்பரா பாப்பா போக வேணாம்னு சொன்னா வெள்ளக்காரனே போக மாட்டானாம். அடுத்த முறை விடுமுறையில் போனபோது என்னைவிடச் சின்னப் பிள்ளைகள்கூட எழுந்து நின்றார்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிடித்தும் இருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

எங்கள் லயம் லுணுகலையிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில், ஆட்டோக்கள் முக்கி முனகும் மூன்றாவது வளைவுக்கு மேலே இருக்கிறது. இருந்தது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, பின்னால் சமைக்க ஒரு குசினி. வரிசையின் கடைசி அறையைத் தொங்கல் காம்பரா என்பார்கள். அதில்தான் நாங்கள் இருந்தோம். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் அப்பா போய்விட்டார். பிறகு அம்மாவும் நானும். சுவருக்கு அந்தப் பக்கம் சின்னம்மாவும் சித்தப்பாவும். இரத்த உறவு இல்லை. அம்மாவும் அந்தச் சின்னம்மாவும் ஒரே நிரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்தே முப்பது வருடம் ஓட்டியவர்கள். உறவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு வேலை கிடைத்ததும் அம்மாவை மலை வேலையிலிருந்து நிறுத்தினேன். பதுளை டவுனில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, குளியலறையில் சுடுதண்ணீர் வரும்படி செய்து, அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பறந்தேன். பதினோராவது நாள் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறி லயத்துக்கே வந்துவிட்டாள். போனில் கத்தினேன். "சத்தம் போடாத. அங்க சுவரப் பாத்துப் பேச எனக்கு என்ன பைத்தியமா? சுவரப் பாக்குறதுக்குத்தான் நீ இருக்கியே" என்றாள். அம்மாவிடம் நான் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்ததில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குத் தோற்கப் பிடிக்காது. அதைவிட, நான் சொன்னது தப்பு என்று ஆவது பிடிக்காது. படிக்கிற காலத்தில் பயிற்சிக்குப் போன காரீயச் சுரங்கத்தில் பொம்பளை இறங்கினால் தீட்டு என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். மூன்று நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்து நான்காம் நாள் இறங்கினேன். அந்தப் பிடிவாதம்தான் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோனது. அதே பிடிவாதத்துக்கு ஆஸ்திரேலியாவில் ஒருநாள் சரியான அடி விழுந்தது. திரையில் நிறம் மாறியதைப் பார்த்து எல்லோரையும் வெளியே எடுத்தேன். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். சுவர் அப்படியே நின்றது. மேலாளர் என் பக்கம் தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நான்காம் நாள் என் மேசையில் யாரோ ஒரு குடையைச் சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்யாத ஊரில் குடை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு மடங்கு ஆதாரம் தேடத் தொடங்கினேன். அதற்கு நான் அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

போன வருடம் புரட்டாசிக் கடைசியில் அம்மா போனில், "கானுக்கு மேல மண்ணுல ஒரு கோடு விழுந்துருக்கு பாப்பா" என்றாள். கான் என்பது லயத்துக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓட வெட்டிய நீளமான வாய்க்கால். அதற்கு மேலே புல் சரிவு, சரிவின் தலையில் ஒரு பெரிய கல், கல்லுக்கு மேலே தேயிலை மலை. வீடியோவில் காட்டச் சொன்னேன். அம்மா போனைப் பிடிக்கும் விதத்தில் பாதி நேரம் அவள் பெருவிரலும் பாதி நேரம் வானமும் தெரிந்தன. ஒருவழியாக விரிசல் தெரிந்தது. விரல் நுழையும் அகலம், குறுக்கே இருபது அடி நீளம்.

பயந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. எனக்கு அது பழகிய விஷயம். விரிசல் என்றால் அளக்க வேண்டும். ஒரு பக்கம் அசையாத இடத்தில் ஒரு புள்ளி, மறுபக்கம் அசையும் இடத்தில் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நாளுக்கு நாள் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். கீழ்ப் புள்ளிக்குக் கானுக்கு மேலே அலவாங்கு என்கிற கடப்பாரை ஒன்றை அடித்து இறக்கச் சொன்னேன். மேலே அசையாத புள்ளி எது? அந்தக் கல்தான் கண்ணில் பட்டது.

அது சும்மா கல் இல்லை. முனி. எங்கள் லயத்துக்குக் காவல். ஒரு ஆட்டோ அளவு பெரிசு, முன்பக்கம் மஞ்சளும் குங்குமமும், பக்கத்தில் துருப்பிடித்த ஒரு சூலம். ஆடி மாதம் லயத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அதற்குப் பொங்கல் வைத்துக் கோழி அறுப்பார்கள்.

"அம்மா, அந்தக் கல்லு ஆடுமா?"

"யாரு, முனியா? வாயக் கழுவு."

"சாமியக் கேக்கலம்மா. பாறையக் கேக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். அவரு எங்கயும் போக மாட்டாரு."

நான் சிரித்தேன். சாமி அசையாது என்று அவள் நம்பினாள். பாறை அசையாது என்று நான் நம்பினேன். பத்து வருடமாக என்னைச் சுற்றி இருந்தது எல்லாம் கருங்கல். அங்கே மண்ணுக்கு மேலே தெரியும் பாறை, கீழே பூமிக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஆணி அடித்து அளந்தால் ராடாரைவிட நம்பலாம். "சரி, கல்லுலயே வைங்க" என்று சொன்னேன். அம்மா முனியிடம் மன்னிப்புக் கேட்டு, குங்குமத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு புள்ளி வைத்தாள்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் இலக்கம் பிசகாது. கொழுந்து நிறுக்கும் தராசின் முள்ளை முப்பது வருடம் முறைத்துப் பார்த்த கண். நான் முன்பு கொண்டுவந்த இரும்பு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் சின்னம்மா மலைக்குப் போகுமுன் இருவரும் சரிவில் ஏறுவார்கள். சின்னம்மா நாடாவின் நுனியைக் கல்லின் புள்ளியில் அழுத்திப் பிடிப்பாள். அம்மா கீழே அலவாங்குப் பக்கம் குந்தி உட்கார்ந்து வாசிப்பாள். தலையில் மழைக்குப் போடும் சாக்கு. வாசித்து முடித்ததும் எனக்குப் போன்.

"இன்னைக்கு ரெண்டு சின்னக் கோடு கூட." சின்னக் கோடு என்றால் மில்லிமீட்டர்.

நான் அதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்வேன். சுரங்கத்துச் சுவருக்குப் போடும் அதே கோட்டு வரைபடத்தை அம்மாவின் சரிவுக்கும் போட்டேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. பத்து வருடம் அம்மாவுக்கு விளங்காத ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தேன். இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து அதைச் செய்தோம். "நேத்து ரெண்டு, இன்னைக்கு மூணு, என்னமோ அவசரப்படுது" என்று அவளே விளக்கமும் சொல்லத் தொடங்கியிருந்தாள். நல்ல உதவியாளர் என்று கிண்டல் செய்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. அப்புத்தளைப் பக்கம் பாதைகள் மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. ஒரு கிழமையாக நாடாவில் இலக்கம் ஏறியது. மூன்று கோடு, நான்கு, ஐந்து. நான் விடுமுறையை இழுத்துப் பிடித்து முன்னால் எடுத்தேன். தீபாவளிக்கு வந்து பத்து நாள் நிற்பதாகத்தான் முதலே ஏற்பாடு. சனிக்கிழமை விடிய விமானம். அப்போதுதான் புதன்கிழமை காலையில் அம்மா சொன்னாள்: "இன்னைக்கு ஒண்ணும் கூடல பாப்பா. அதே இலக்கம்." வியாழக்கிழமையும் அதே இலக்கம்.

நின்றுவிட்டது என்று எழுதிக்கொண்டேன். கொப்பியில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

மழை நிற்கவில்லை, நகர்வு மட்டும் நின்றுவிட்டது. முதலாம் வருட மாணவிகூட, அது எப்படி என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. அதே போனில் அம்மா இன்னொன்றும் சொன்னாள். "குசினிக் கதவு சாத்த மாட்டேங்குது. ஈரத்துல ஊறிப்போச்சு போல. கோழியெல்லாம் உள்ள வந்துருது."

"தள்ளிச் சாத்தும்மா. நான் வந்து சீவி விடுறேன்."

கதவு ஊறவில்லை. நிலை கோணியிருந்தது. நிலை கோணினால் அத்திவாரம் நகர்கிறது என்று அர்த்தம். கதவையும் ஜன்னலையும் பார் என்று நான் மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

அன்று வியாழக்கிழமை பகலில் மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் கிராம உத்தியோகத்தரோடு லயத்துக்கு வந்தார்கள். மாலைக்குள் எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். இது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு வருடமும் இதே மாதிரிச் சொல்லி, மூட்டை முடிச்சோடு போய், வகுப்பறைத் தரையில் பன்னிரண்டு நாள், பதினான்கு நாள் என்று படுத்துக் கிடந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவர்கள். வந்து பார்த்தால் கோழி இருக்காது, மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிளறியிருக்கும். அதனால் அதிகாரிகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே எல்லோரும் எங்கள் தொங்கல் காம்பராவைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா சொன்னாளாம்: "எம் புள்ளையக் கேக்குறேன். அது அளந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அதிகாரிகள் போனதும் போன் வந்தது. முதலில் பேசியது சின்னம்மா. சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடமாகப் படுக்கை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் நாற்காலியில் கட்டி நான்கு ஆண்கள் தூக்க வேண்டும். போன தடவை அப்படித் தூக்கிக்கொண்டு போய், கழிப்பறைக்கு முப்பது படி இறங்க வேண்டியிருந்து, அந்த மனிதர் இரண்டு கிழமை வெட்கத்தில் சாப்பிடவே இல்லை.

"போகணும்னா போறோம் பாப்பா. அந்தாளு பாவம், அழுவுறாரு. நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா சரி."

அப்போது நான் சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"அவசரம் இல்ல சின்னம்மா. ரெண்டு நாளா அசைவே இல்ல. சனிக்கிழம நான் வந்துருவேன். என் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இருங்க."

இலக்கத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று நீண்ட நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. இலக்கம் எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னது. தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போக விரும்பினேன். பள்ளிக்கூடத்துக்கு அல்ல. வகுப்பறை வாசலில் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பதுளையில் ஹோட்டல் அறையில் போய்ப் படுக்க எனக்கு மனமில்லை. இரண்டு வருடம் கழித்து வருகிறேன். அம்மா குசினியில் முறுக்குப் பிழிய, நான் இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்து அவளோடு சண்டை பிடிக்க வேண்டும். இதற்காகத்தான் "இருங்க" என்றேன். அந்தக் குடையும் எங்கோ என் தலைக்குள் இருந்தது. போகச் சொல்லி, மறுபடி ஒன்றும் நடக்காமல் போனால், லயமே என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று ஒரு நினைப்பு. அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். சிரித்திருந்தால்தான் என்ன?

பிறகு அம்மா போனை வாங்கினாள். "நீ சொல்லிட்டல்ல, அது போதும். எள்ளு உருண்டையா, பயத்தம் உருண்டையா?"

"ரெண்டும்" என்றேன். அதுதான் நான் அம்மாவிடம் கடைசியாகப் பேசிய சொல்.

ஆறு குடும்பங்கள் அன்று மாலையே போய்விட்டன. என்னதான் இருந்தாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள். என் பேச்சைக் கேட்டு நான்கு குடும்பங்கள் தங்கின.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அலுவலகத்தில், என் விடுமுறை நாட்களுக்குச் சுவரைப் பார்க்கப்போகும் இளைஞரிடம் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்போது ஏழரை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சின்னம்மா. பெரட்டுக்குப் போன இடத்தில் யாருடைய போனையோ வாங்கியிருக்கிறாள்.

"பாப்பா, மலை எறங்கிருச்சு. லயத்துமேல எறங்கிருச்சு."

நான் கேட்டேன்: "கல்லு நிக்குதா?"

என்னை மன்னிக்க முடியாத இடங்கள் பல உண்டு. அதில் இதுதான் முதலாவது. அம்மா எங்கே என்று நான் கேட்கவில்லை. கல் நிற்கிறதா என்று கேட்டேன்.

"கல்லும் வந்துருச்சு பாப்பா. மொத மொத அதுதான் வந்துச்சுன்னு சொல்றாங்க." பிறகு அவள் அலறத் தொடங்கினாள். அம்மா உள்ளே, சித்தப்பா உள்ளே. மற்ற எல்லோரும் பெரட்டில் நின்றிருந்தார்கள்.

அவள் அலறிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. அதுதான் இந்தப் படிப்பின் சாபம். புதனும் வியாழனும் இலக்கம் மாறாததற்குக் காரணம் மண் நின்றுவிட்டது அல்ல. கல்லும் நடக்கத் தொடங்கியிருந்தது. கல்லும் அலவாங்கும் ஒரே மண்ணின் முதுகில் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. அதனால் நடுவே தூரம் மாறவில்லை. எங்கள் ஊவா மலைகளில் கருங்கல் பூமிக்குள் வேர்விட்டு நிற்பதில்லை. எந்தக் காலத்திலோ மேலேயிருந்து உருண்டு வந்து மண்ணில் சும்மா உட்கார்ந்திருப்பவை அவை. பாயசத்தில் முந்திரிப் பருப்பு மாதிரி. நான் அந்த மலையில் பிறந்தவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கொழும்பில் இறங்கி வான் எடுத்தேன். வழியில் ஹல்துமுல்லையில் பாதை மண்ணில் மூடிக் கிடந்து மூன்று மணி நேரம் போனது. நான் வந்து சேர்வதற்குள் இருவரையும் எடுத்துவிட்டார்கள். அம்மா குசினிக் கதவுக்கு உள்பக்கம் கிடந்தாளாம். கதவு சாத்தியிருந்தது. நான் சொன்னபடி தள்ளிச் சாத்தியிருக்கிறாள். காலையில் சத்தம் கேட்டு அதைத் திறக்கப் பார்த்தாளா, திறக்க வரவில்லையா, அல்லது அதற்கெல்லாம் நேரமே இருக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. எடுத்த ஆளிடம் கேட்கப் போய், பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

இருவரையும் ஒரே நாளில் அடக்கம் செய்தோம். அடக்கம் முடிந்த மறுநாள் அந்த அதிகாரிகளோடு நானும் மேலே ஏறினேன். அதில் மூத்தவர் என் வேலையைக் கேள்விப்பட்டு மரியாதையாகப் பேசினார். எனக்கு அந்த மரியாதை உடம்பு முழுக்க எரிந்தது. கல் இருந்த இடத்திலிருந்து நாற்பது தப்படி மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மலை அறுந்த இடம் தெரிந்தது. அதுதான் உண்மையான விரிசல். அறுந்த மண்ணின் விளிம்பில் பாசி பிடித்திருந்தது. புதிது இல்லை. மாதக்கணக்காக அங்கே இருந்திருக்கிறது. இலை மூடி வெளியே தெரியவில்லை.

கீழே வந்து சின்னம்மாவிடம் கேட்டேன். மேலே, கல்லுக்கு மேலே, தேயிலைக்குள் ஏதாவது இருந்ததா?

"இருந்துச்சே. ஒரு வெடிச்ச பள்ளம். நாங்க தாண்டித் தாண்டித்தான் கொழுந்து எடுத்தோம். ஒருக்கா எனக்குக் காலுகூட மாட்டிக்கிச்சு."

"ஏன் சின்னம்மா சொல்லல?"

"நீ கானுக்கிட்ட உள்ளதத்தான் பாப்பா கேட்ட."

ஆமாம். அம்மா மலைக்குப் போவதை நான்தான் நிறுத்தியிருந்தேன். போய்க்கொண்டிருந்தால் அவள் பார்த்திருப்பாள். சின்னம்மாவோடு இன்னும் பன்னிரண்டு பெண்கள் தினமும் அந்தப் பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சுரங்கத்தில் நான் லொறி ஓட்டுகிறவர்களிடம் தினமும் கேட்பேன், ஏதாவது வித்தியாசமாகப் பார்த்தீர்களா என்று. வெள்ளைக்கார டிரைவரிடம் கேட்கத் தெரிந்த எனக்கு, என்னை வளர்த்த பெண்களிடம் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் நாடா பிடிக்க மட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

லயத்து ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். திரும்பிப் போவதற்கு முதல்நாள் மத்தியானம் அங்கே போனேன். ஐந்தாம் வகுப்பு அறையில், மூலையில், சின்னம்மா ஒரு பாயில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்கு ஒரு கிளாஸில் சாயத்தண்ணி வாங்கி வந்து கையில் வைத்தாள். நான் பல நாளாக மனதில் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

"சின்னம்மா, நான்தான் இருக்கச் சொன்னேன். போங்கன்னு சொல்லியிருந்தா சித்தப்பா இருந்திருப்பாரு."

அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் காத்திருந்தேன். லயத்தில் அவளுடைய வாய்க்குப் பயந்து கணக்கப்பிள்ளையே சுற்றி நடப்பார். அவள் என் முடியைப் பிடித்து ஆட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும்.

"நீ என்னம்மா செய்வ" என்றாள். "எங்கயோ இருந்துக்கிட்டு உன்னால முடிஞ்சதப் பாத்த. டீ ஆறுது, குடி."

குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கீழே உள்ள சரிவில் புது வீடு கட்டித் தரப் போகிறார்களாம். இடம் பார்த்துக் கயிறுகூடப் பிடித்துவிட்டார்களாம்.

"அவங்க நல்ல எடம்னுதான் சொல்றாங்க. எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாரும் ஒன்னத்தான் கேக்கச் சொன்னாங்க பாப்பா. போறதுக்கு முந்தி ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லிட்டுப் போ. நீ சொன்னா சரி."

அந்த அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பதுபோல் இருந்துகொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாது சின்னம்மா" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. "அவங்க சொல்றதக் கேளுங்க. என்னையக் கேக்காதீங்க. இனிமே என்னைய எதுவும் கேக்காதீங்க."

அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்தாள். தேயிலைக் கறை ஏறி வெடித்த விரல்கள்.

"எங்க மேல கோவமா பாப்பா?" என்றாள். "அம்மாவ நாங்க பாத்துக்கலன்னா? அன்னைக்கு நான் பெரட்டுக்குப் போகாம இருந்திருந்தா ஒரு சத்தமாவது போட்டிருப்பேன். நெதமும் அதத்தான் நெனச்சு அழுவுறேன். எங்கள மன்னிச்சிரு சாமி."

அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். புருஷனைப் பறிகொடுத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது அவளுக்கு. அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.